இடுப்பு வகுப்புக்குச் சோறு போட்டவர்

ராமாயி இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்கு வாட்ஸப்பில் வந்தது. சேலத்தில் பள்ளி முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஏற்காட்டு ஆசிரியர்கள் குழுவில் யாரோ அவருடைய படத்தைப் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, ‘சத்துணவு அன்னை’ என்று எழுதியிருந்தார்கள். ஏதோ ஒரு பாராட்டு விழாவில் ஓரமாக நின்றவரை வெட்டி எடுத்த படம். பொன்னாடை வாங்கியவரின் முழங்கை அவர் தோளுக்குப் பக்கத்தில் அப்படியே மிச்சம் இருந்தது. கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. கொஞ்ச நேரத்தில் அதற்குக் கீழேயே மறுநாள் பயிற்சி வகுப்புக்கான சுற்றறிக்கை வந்தது. சிலர் அதையும் கும்பிட்டார்கள்.

நானும் ஒரு கும்பிடு போட்டேன். போட்டுவிட்டுத்தான் மலையில் இருக்கும் ஆசிரியர் ஒருவருக்குப் போன் செய்து கேட்டேன். மூன்று நாள் காய்ச்சல் என்று படுத்திருந்தாராம். நான்காம் நாள் மார்வலி. வண்டி மலையை விட்டு இறங்குவதற்குள் போய்விட்டார்.

அவருக்கு ஒரு நினைவு மலர் போடுகிறோம், அவருடன் அதிக காலம் வேலை பார்த்தவர் நீங்கள்தான், அவருடைய தாயுள்ளத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று அந்தக் குழுவிலிருந்து கேட்டார்கள். தாயுள்ளம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சத்துணவுச் சமையலராக இருந்து செத்துப்போனால் உடனே தாயாக்கி விடுகிறோம். உயிரோடு இருந்தபோது ஆயா என்று கூப்பிட்டு டீ வாங்கி வரச் சொன்னவர்கள்தான் நாம். ராமாயியை அறிந்த உங்களுக்கு அவர் வாய் எப்படிப்பட்டது என்பதும் தெரியும். அதனால் பூச்சு வேலை இல்லாமல் எழுதுகிறேன்.

நான் அந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் போனபோது மலை எனக்குப் புதிது. சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் ஏறி, வாழவந்திப் பக்கம் இறங்கி, காப்பி எஸ்டேட் வழியாக நடக்க வேண்டும். போய்ச் சேர்வதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் ஒரே ஒரு பருக்கையை நாக்கு நுனியில் வைத்துவிட்டுத் தலையாட்டுவேன். மூன்றாம் நாள் ராமாயி கரண்டியும் கையுமாக எதிரே வந்து நின்றார்.

“ஏனுங்க டீச்சர், நீங்க உப்புப் பாக்கறீங்களா, வெஷம் பாக்கறீங்களா?”

எனக்கு முகம் சுண்டிப்போனது. அவர் விடவில்லை. “ஒரு தட்டு போட்டுத் தாரேன், உக்காந்து தின்னுங்க. புள்ளைங்க உங்க மொகத்தத்தான் பாக்குதுங்க. டீச்சரே தொடாத சோறுன்னா அதுங்களுக்கு எப்படீங்க எறங்கும்?” அன்றிலிருந்து ஆறு வருஷம் நான் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துதான் மதியம் சாப்பிட்டேன். தக்காளி சாதம் வைக்கும் நாளில் அவர் கை கொஞ்சம் காரம். அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

ஒரு திங்கட்கிழமை காலை வழிபாட்டில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கொடிக்கம்பத்தைப் பிடித்தபடியே சரிந்தான். நான் அவனை எழுப்பி உட்காரவைத்து, “ராத்திரி பூரா டி.வி. பார்த்தியா?” என்று அதட்டினேன். சமையல் கூடத்திலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்த ராமாயி அவன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

“தூக்கமில்லீங்க டீச்சர், பசிங்க. நேத்தும் முந்தாநேத்தும் லீவுங்களே. வெள்ளிக்கெழம மத்தியானம் நான் போட்டதுதான் இவன் வயித்துக்குப் போன நல்ல சோறு. அப்புறமெல்லாம் வரக்காப்பிதான்.”

நான் பதினோரு வருஷம் வேறு பள்ளிகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். திங்கட்கிழமைகளில் பிள்ளைகள் மந்தமாக இருப்பதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்திருந்தேன். காப்பிப் பழம் எடுக்கும் காலத்தில் தாயும் தகப்பனும் விடியும்போதே எஸ்டேட்டுக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் பால் இல்லாத வரக்காப்பி ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறார்கள். காலை உணவுத் திட்டமெல்லாம் வராத காலம் அது. மறுநாள் ராமாயி என்னிடம் வந்து கேட்டார். “சீக்கிரமா வந்து ஒலை வெச்சர்றனுங்க. வடிச்ச கஞ்சியில கொஞ்சம் சோத்தக் கரைச்சு, உப்புப் போட்டுப் பத்து மணிக்கு ஒரு டம்ளர் குடுக்கட்டுங்களா?” மதிய உணவை மதியம்தான் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். “குடுங்க, நான் பார்த்துக்கறேன்” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பழம் எடுக்கும் காலத்தில் இன்னொன்றும் நடக்கும். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பெண் பிள்ளைகள் இடுப்பில் தம்பியையோ தங்கையையோ தூக்கிக்கொண்டு வருவார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அங்கன்வாடி அடுத்த ஊரில், இடையில் காட்டெருமை திரியும் எஸ்டேட். தூக்கிக்கொண்டு வராதே என்று நான் சொன்னால் அந்தப் பெண்ணும் வராது. நான்காம் வகுப்புச் சித்ராவும் அவள் தங்கை பூவிழியும் அப்படித்தான் வந்தார்கள். பூவிழிக்கு இரண்டரை வயதோ மூன்றோ இருக்கும். மதியம் சித்ரா தன் முட்டையை இரண்டாகப் பிட்டுத் தங்கைக்குப் பாதி கொடுப்பாள்.

ராமாயிக்கு இதைப் பார்த்தாலே ஆகாது. “அக்காளுக்கு அர முட்ட, தங்கச்சிக்கு அர முட்ட. ரெண்டுமே அரை வயித்தோட போகுதுங்க. இந்த இடுப்புப் புள்ளைங்களுக்கும் ஒரு கரண்டி போட்டா என்னுங்க டீச்சர்? சட்டியில பத்தலைன்னா என் பங்க விட்டர்றன்.”

பெயர்ப் பதிவேட்டில் இல்லாத குழந்தைக்குப் போடக் கூடாது. அதுவும் எனக்குத் தெரியும். “போடுங்க” என்றேன். சும்மா சொன்னதோடு நிற்கவில்லை. அந்தச் சின்னக் குழந்தைகளைத் தாழ்வாரத்தில் வரிசையாக உட்காரவைத்து, ‘இடுப்பு வகுப்பு’ என்று பெயரும் வைத்தேன். மணி அடித்ததும், “இடுப்பு வகுப்பு, எந்திரி!” என்பேன். ஏழெட்டு வாண்டுகள் தள்ளாடி எழுந்து வணக்கம் சொல்லும். பள்ளியே சிரிக்கும். எனக்கு அது ஒரு விளையாட்டு. ராமாயி அந்த வகுப்புக்குத்தான் முதலில் பரிமாறுவார். குனிந்து, சோற்றை விரலால் மசித்து, ஆறிவிட்டதா என்று தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டில் வைப்பார்.

அந்தத் தை மாதத்தில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். சரியாகச் சாப்பாட்டு நேரம். அவர் கெட்டவர் இல்லை. வேறு எங்கோ ஒரு பள்ளியில் குழந்தைகளுக்கு வாந்தி வந்து, அவரை யாரோ குடைந்திருந்தார்கள். அந்தப் பயத்தோடு வந்திருந்தார். தாழ்வார வரிசையைப் பார்த்ததும் நின்றார். பூவிழியின் முன்னால் குனிந்து, “பாப்பா எந்த வகுப்பு?” என்று கேட்டார்.

“இடுப்பு” என்றாள் பூவிழி.

அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் கேட்டார். அவள் இந்த முறை எழுந்து நின்று, நான் பழக்கியபடியே கைகட்டி, “இடுப்பு வகுப்பு” என்றாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “யார் சொல்லிக் குடுத்தது?” என்றார். பூவிழி சோற்றுக் கையை நீட்டி என்னைக் காட்டினாள்.

அந்த வருஷம் நான் சேலத்துக்கு மாறுதல் கேட்டு எழுதியிருந்தேன். என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. தினமும் மலை ஏறி இறங்கி என் முதுகு போயிருந்தது. ஒரு மெமோ வந்தால் மாறுதல் கிடைக்காது என்று நினைத்தேன். இவையெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடின என்று சொன்னால் அது சாக்கு. எதுவும் ஓடவில்லை. வாய் தானாகத் திறந்து, “எனக்குத் தெரியாதுங்க சார்” என்றது.

ராமாயி கரண்டியைச் சட்டிக்குள் போட்டார். என்னை ஒரு தரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வகுப்பில் பதில் தெரியாமல் முழிக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

“டீச்சருக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா. அவங்க உள்ள பாடம் நடத்திட்டு இருப்பாங்க. நாந்தான் வெளையாட்டுக்கு அப்படிப் பேர் வெச்சுக் கூப்புடுவேன். சோறும் நாந்தான் போட்டேன்.”

“அப்ப கஞ்சி?” என்றார் அவர். பத்து மணி டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருந்ததைப் பார்த்துவிட்டிருந்தார்.

“அதும் நாந்தானுங்க.”

என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். ‘மேற்படி சமையலர், தலைமையாசிரியரின் அனுமதியின்றித் தன்னிச்சையாக’ என்று தொடங்கும் வாக்கியம் எனக்கு இன்னும் மனப்பாடம். தன்னிச்சையாக என்ற சொல்லுக்கு முதலில் எழுத்துப்பிழை விட்டு, தாளைக் கிழித்துவிட்டு, வேறு தாளில் சுத்தமாக எழுதினேன். என் கையெழுத்து அழகானது என்று எல்லோரும் சொல்வார்கள்.

ராமாயிக்கு மெமோ கொடுத்து, கொட்டச்சேட்டுக்கும் அப்பால் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். தலைச்சோலையில் இருந்த அவர் வீட்டிலிருந்து இரண்டு பஸ் பிடித்து, மீதியை நடக்க வேண்டும். கிளம்பும் நாளில் எனக்கு உப்பு ஜாடி இருக்கும் இடத்தையும், எந்த அடுப்பு புகையும் என்பதையும், புதிதாக வருகிறவருக்குச் சொல்லச் சொல்லிக் காட்டிக் கொடுத்தார். “சித்ராள உட்ராதீங்க டீச்சர், அது நொம்ப நல்லாப் படிக்கும்” என்றார். இடுப்பு வகுப்பு நின்றது. தங்கைக்கு இடமும் சோறும் இல்லாத பள்ளிக்குத் தங்கையைத் தூக்கிக்கொண்டு எப்படி வருவாள்? சித்ராவும் நின்றாள். இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டு முறையும் அவள் அம்மா எனக்கு வரக்காப்பி கொடுத்தார். வைகாசியில் எனக்குச் சேலத்துக்கு மாறுதல் கிடைத்தது.

பிறகு பள்ளிகளில் காலையிலும் உணவு வந்தது. உப்புமா, பொங்கல், கிச்சடி என்று பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வழிபாட்டுக்கு நிற்கிறார்கள். நல்ல காரியம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அது தொடங்கிய வாரம் ராமாயி எனக்குப் போன் செய்தார். என்னிடம் பேச வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. “டீச்சர், இனித் திங்கக்கெழம யாரும் கொடிக்கம்பத்துக்கிட்ட உழுவ மாட்டாங்க” என்று சிரித்தார். கொஞ்சம் நிறுத்தி, “இடுப்புப் புள்ளைங்களுக்குத்தான் இன்னும் தட்டு இல்லீங்க” என்றார். நான் ஏதோ கூட்டத்தில் இருப்பதாகச் சொல்லிப் போனை வைத்தேன். எந்தக் கூட்டமும் இல்லை. வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் நடந்த இரங்கல் கூட்டத்தில், காலை உணவு என்ற எண்ணம் அப்போதே ராமாயிக்குத் தோன்றிவிட்டது, அவர் ஒரு முன்னோடி என்று ஒருவர் பேசினார். கை தட்டினார்கள். அந்த முன்னோடிக்கு நாம் கொடுத்தது மெமோ என்று எழுந்து சொல்லியிருக்கலாம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டினேன்.

கூட்டம் முடிந்து தலைச்சோலைக்குப் போனேன். ராமாயியின் மகள் கனகா வாசலில் காப்பிக்கொட்டை உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, நாற்காலி போட்டாள். அம்மா என்னைப் பற்றி நிறையச் சொல்லுவார் என்றாள். என்ன சொல்லுவார் என்று கேட்டேன்.

“அன்னைக்கு அம்மா பண்ணுன வேலையால உங்களுக்குப் பேச்சு வந்துருச்சாமுங்களே. டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது, என்னால அவங்க தலகுனிஞ்சு நின்னாங்கன்னு கடேசி வரைக்கும் ஊட்டுல சொல்லிட்டே இருந்துச்சுங்க. நீங்க அதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க டீச்சர். அம்மாவுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறனுங்க.”

பெற்ற மகளிடம்கூட அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என்னிடம் அனுமதி கேட்டது வெளியே தெரியக் கூடாது என்று அதிகாரியிடம் சொன்னதையே வீட்டிலும் சொல்லியிருக்கிறார். அப்போதாவது நான் பேசியிருக்கலாம். கனகாவின் கையைத் தட்டிக்கொடுத்து, “பரவாயில்லை கண்ணு” என்று சொன்னேன். ராமாயியை நான் மன்னித்துவிட்டு மலையிறங்கி வந்தேன்.

அவருடைய நினைவாக என்னிடம் பொருள் எதுவும் இல்லை. எனக்காக அவர் சொன்ன பொய் ஒன்றுதான் இருக்கிறது. அதை இனி வைத்துக்கொள்ள முடியாது. கனகா, இந்த மலர் உன் வீட்டுக்கும் வரும். அன்றைக்குக் கொடுத்த விளக்கக் கடிதத்தை இங்கே திருத்தி எழுதுகிறேன், நீயும் படி, அவரை அன்னை என்று எழுதியவர்களும் படிக்கட்டும். மேற்படி சமையலர் எதையும் தன்னிச்சையாகச் செய்யவில்லை. ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்டுத்தான் செய்தார். போடுங்க என்றது நான். அந்த வகுப்புக்குப் பெயர் வைத்ததும் நான். பூவிழி சரியான ஆளைத்தான் காட்டினாள்.