இடது பக்கம் வந்த பந்து

பதினேழு வருஷம் நான் கோல்கீப்பராக இருந்தேன். பர்மாவில், ஆற்றோரம் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மூட்டை தூக்குகிறவர்களும் மார்க்கெட் ஆட்களும் சேர்ந்து நடத்திய அணி. வார நாட்களில் நகர நடுவே கியாக்டடா வழியாகப் போகும் பஸ்ஸை ஓட்டுவேன். ஞாயிறு வந்தால் கையுறை மாட்டிக்கொள்வேன்.

ஓர் ஆட்டத்தில் பந்தின் மேல் விழுந்தபோது எதிரணிக்காரர் ஒருவரின் பூட்ஸ் என் இடது கண்ணோரம் பட்டது. வீக்கம் நாலு நாளில் வடிந்தது. பிறகு அந்தக் கண்ணில் ஒரு கறுப்பு மெல்ல இறங்க ஆரம்பித்து, பாதிப் பார்வையை மூடியது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரிடம் இழுத்துப் போவாள். டாக்டர் பஸ் ஓட்டக்கூடாது என்பார்.

அரையிறுதி ஆட்டத்தில் இடது பக்கத்திலிருந்து சாதாரணமாக உருண்டு வந்த பந்து வலைக்குள் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இன்னொன்றும் அப்படியே போனது. தோற்றோம்.

கேப்டன் மீன் மொத்த வியாபாரி. என்னைவிட மூத்தவர். நான் கையுறையைக் கழற்றிக்கொண்டிருக்கையில் முன்னால் வந்து நின்றார்.

"எவ்வளவுக்குடா வித்தே?"

"அப்படியெல்லாம் இல்லண்ணே."

"அப்ப ஏன் அசையவே இல்ல? சின்னப் புள்ள புடிச்சிருக்கும் அந்தப் பந்த."

பந்தயம் கட்டாத டீக்கடை இந்த ஊரில் இல்லை. அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மறுநாளே அது பஸ் கம்பெனிக்குப் போய்விடும். தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாரும் அதை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள்.

மார்க்கெட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை என்றானது. என் மனைவி பர்மியப் பெண். வீட்டில் பர்மியப் பேச்சுதான். "உண்மையா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். இல்லை என்றேன். நம்பினாளா என்று இன்றும் தெரியாது.

அப்புறமும் மூன்று வாரம் பஸ் ஓட்டினேன். சூலே பகோடா வளைவில் ஒரு காலை, முன்சீட்டில் இருந்தவர் திடீரென்று கத்தினார். பிரேக்கை மிதித்தேன். இடது பக்கமிருந்து சாலையில் இறங்கியிருந்த ஒரு பெண்ணின் குடையைத் தட்டிவிட்டு பஸ் நின்றது. அவள் அசையாமல் என்னையே பார்த்தாள்.

அன்று மதியமே மேலாளரிடம் சாவியைக் கொடுத்து, "சயா, எனக்கு இடது கண் தெரியவில்லை" என்று பர்மியத்தில் மரியாதையாகவே சொன்னேன். விழித்திரை பிரிந்துவிட்டது, உடனே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

டாக்டர் எழுதித் தந்த சீட்டோடு கேப்டன் வீட்டுக்குப் போனேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் சீட்டை இரண்டு முறை படித்தார்.

"ஆட்டத்துக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்ணே."

"அதுக்கப்புறமும் பஸ் ஓட்டுனியா?"

"மூணு வாரம்."

சீட்டை மடித்து என் கையில் வைத்தார். "எம்மக தெனம் அந்த பஸ்ஸுலதான் வேலைக்குப் போறா. நீ ஆட்டத்த வித்திருந்தாக்கூட மறந்திருப்பேன்."

இப்போது படகுத்துறையில் டிக்கெட் வாங்கி உள்ளே விடுகிறேன். நான் விலைபோகவில்லை என்று அவரே எல்லாரிடமும் சொல்லிவிட்டார். சில ஞாயிறுகளில் மகளோடு அக்கரைக்குப் போவார். என் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டை நீட்டுவார். அந்தப் பெண் மட்டும் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்த மூன்று வாரத்தைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.