ஒரு தேன், ஆறு சத்தியம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். வரட்டுமே. அந்தக் கோபம் மட்டும் இல்லையென்றால் பாகான் டாலாம்காரி ஏழாம் ஸ்டாண்டர்டோடு வீட்டில் உட்கார்ந்திருப்பாள்.

பாகான் டாலாம்காரி என்று நான் சொல்வது பாகான் டாலாம் என்ற ஊரிலிருந்து வந்து, வகுப்பில் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை. அவள் அப்பா பக்கத்து ஊரான பிறையில், ரயில்வே யார்டில் கூட்ஸ் வண்டிகளைக் கோத்துவிடும் வேலை பார்த்தார், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியிருந்தார்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இவள் கெட்டிக்காரியாக இருந்ததைப் பார்த்து, ஒரு மிஷனரி அம்மாள் கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் எங்கள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இலவச இடம் வாங்கிக் கொடுத்தார். தினமும் காலையில் பட்டர்வொர்த் வரை நடந்து, ஃபெர்ரி ஏறி, ஜெட்டியிலிருந்து மறுபடியும் நடந்து வருவாள். ஜூனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை பாஸ் பண்ணினால் டீச்சர் ஆகலாம். பாஸ் பண்ணாவிட்டால் வீட்டில் மாப்பிள்ளை தயார். அதே யார்டில் வேலை செய்யும் அத்தை மகன்.

"நல்லவருதான்டி," என்பாள். "ஆனா அவருக்கு என்னைவிட அவரு சேவல் மேலதான் ஆசை."

எங்களுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர் சீமையிலிருந்து புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய ஒரு சின்ன மிஸ். வெயிலில் முகம் தக்காளியாகச் சிவந்துவிடும். ஆனால் சொல்லிக்கொடுப்பதில் சூரப்புலி. பிரான்ஸ் பக்கமிருந்து நார்மன்காரர்கள் வந்து இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்னால், கடைசி நூறு வருஷம் இங்கிலீஷ்காரர்கள் எப்படி இருந்தார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல நாங்கள் வாயைப் பிளந்தோம். நாங்கள் என்னவோ ஆதிகாலத்திலிருந்தே அவர்கள் ரயிலும் பிஸ்கட் டின்னுமாக இருந்தார்கள் என்று நினைத்திருந்தோம். வீடு என்றால் ஒரே அறையாம். நடுவில் அடுப்பாம். புகை போக வழி கிடையாதாம். தரையில் கோரைப்புல்லைப் பரப்பி, அதன்மேல் மனிதனும் நாயும் ஒன்றாகப் படுப்பார்களாம்.

"எங்க லைன் வீடே தேவலடி," என்று பாகான்காரி என் காதில் கிசுகிசுத்தாள். நான் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

பஞ்ச வருஷங்களில் சோற்றுக்கு வழியில்லாமல் சிலர் தங்களையே ஒரு பிரபுவிடம் அடிமையாக ஒப்படைத்துவிடுவார்கள் என்று மிஸ் சொன்னபோது மட்டும் அவள் சிரிக்கவில்லை. "எங்கப்பா கப்பல் ஏறுனதும் பஞ்சத்துலதான்," என்றாள். என் அப்பா கப்பல் ஏறியது கிளார்க் வேலைக்கு.

அந்தக் காலத்தில் ராஜாவுக்கு அடுத்த நிலையில் நிலபுலன் உள்ள பெரிய மனிதர்கள் இருந்தார்கள். அவர்களை என்ன சொல்வார்கள் என்று மிஸ் சொன்னார் பாருங்கள், 'தேன்' என்று! இங்கிலீஷில் எப்படி எழுதுவார்களோ, எங்கள் காதில் விழுந்தது சுத்தமான தமிழ்த் தேன். தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மிஸ் காரணம் கேட்டார். சொன்னோம். அவரும் சிரித்துவிட்டு, "அவர்கள் தேனில் செய்த மதுவைத்தான் குடிப்பார்கள்," என்றாரே, அவ்வளவுதான், வகுப்பே ரெண்டுபட்டது.

முன் பெஞ்சில் ஒரு சீனத் தவுக்கேயின் மகள் இருந்தாள். ரப்பர் தோட்டமும் தொங்கான் கப்பலும் உள்ள பெரிய முதலாளி வீடு. அவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அன்றைக்கு ஒன்று கற்றுக்கொண்டாள். அதிலிருந்து எங்களைப் பார்த்தால் "குட் மார்னிங், தேன்!" என்பாள்.

அதற்கடுத்த பாடம் கோர்ட்டைப் பற்றியது. அப்போது போலீஸ் இல்லை, வக்கீல் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை ஊர்க்காரர்கள் வெட்டவெளியில் கூடுவார்கள். ஒருவன் மேல் திருட்டுக் குற்றம் வந்தால், நான் செய்யவில்லை என்று அவன் முதலில் சத்தியம் பண்ண வேண்டும். அப்புறம் அவனுக்காகப் பன்னிரண்டு பேர் வந்து, இவன் சத்தியம் சுத்தமானது என்று சத்தியம் பண்ண வேண்டும். அவர்கள் எதையும் கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை. அவனைத் தெரிந்தால் போதும், வழக்கு அங்கேயே முடிந்துவிடும். ஆள் கிடைக்காவிட்டால் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் தூக்கி நடக்க வேண்டியதுதான். இதில் இன்னொரு விஷயம். எல்லார் சத்தியமும் ஒரே எடை இல்லை. ஒரு தேன் பண்ணும் சத்தியம் ஆறு குடியானவர்களின் சத்தியத்துக்குச் சமம்.

"பணக்காரன்னா அங்கயும் அப்படித்தான் போல," என்று முணுமுணுத்தேன்.

அந்த வாரமே வந்தது வினை. டிரில் வகுப்புக்கு நகை போடக்கூடாது. தவுக்கே மகள் தன் தங்கக் கம்மல் இரண்டையும் கழற்றி மேசைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தாள். டிரில் முடிந்து போய்ப் பார்த்தால் ஒன்றுதான் இருக்கிறது. அந்த நேரம் வகுப்பில் இருந்தது ஒரே ஒருத்தி. ஃபெர்ரி தாமதமானதால் லேட்டாக வந்து, உள்ளேயே உட்கார் என்று சொல்லப்பட்ட பாகான்காரி.

தலைமை ஆசிரியையைப் பெரிய மிஸ் என்போம். நெட்டையான வெள்ளைக்கார அம்மாள். அவர் வந்து எங்கள் எல்லார் முன்னாலும் பாகான்காரியின் பையை மேசைமேல் கவிழ்த்தார். டிபன் டப்பா திறந்து, பழைய சோறும் கருவாடும் புத்தகங்களின் மேல் கொட்டியது. யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கம்மல் கிடைக்கவில்லை. ஆனாலும் பெரிய மிஸ் சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குள் உண்மையைச் சொல். இல்லாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்."

சாயங்காலம் அவளோடு ஜெட்டி வரைக்கும் நடந்தேன்.

"விடுடி," என்றாள். "படிச்சது போதும்னு அப்பா சொல்லிக்கிட்டேதான் இருக்காரு. சேவலோட குடும்பம் நடத்திட்டுப் போறேன்."

அவள் சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்யும்.

"நாம யாரு? பிரிட்டிஷ் பிரஜை. பாடத்துல வந்தது யாரு சட்டம்? பிரிட்டிஷ் சட்டம். பன்னெண்டு பேரு சத்தியம் பண்ணா உன்னை அவங்க ஒண்ணும் பண்ண முடியாது லா!"

"அது பழைய காலத்துச் சட்டம்டி."

"பழசுன்னா போயிடுமா? பத்துக் கட்டளைகூடப் பழசுதான். அது போயிடுச்சா?"

நாங்கள் கத்தோலிக்கர்கள். எனக்குச் சட்டம் என்றால் ஒருதரம் எழுதினால் எழுதினதுதான். அவளும் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆமா, மிஸ்ஸும் அது முடிஞ்சு போச்சுன்னு சொல்லலையே," என்றாள். அப்படியே நம்பினோம் இரண்டு பேரும்.

மறுநாளிலிருந்து ஆள் பிடித்தேன். ஒரு யுரேஷியப் பெண் உடனே சரி என்றாள். சூலியா தெருவுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் இந்துப் பெண்ணும், மூக்குக்கண்ணாடி போட்ட சீனப் பெண் ஒருத்தியும், அவள் தங்கை முறைக்காரியும் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் வீட்டில் கேட்டுவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார்கள். என் வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? "லைன் வீட்டுப் பொண்ணுக்காக நீ ஏண்டி முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால போற?" என்று அம்மா திட்டினாள்.

கடைசியாக ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரின் மகளிடம் போனேன். "நான் வாறன்," என்றாள். கேட்டதுமே எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

"எங்கப்பா பெரிய கிளார்க்கு. நான் தேன். நான் ஒருத்தியே ஆறு," என்று கணக்குப் போட்டேன்.

"உங்களுக்கு நிலம் இருக்கோ?" என்று கேட்டாள் அவள். "தேன் எண்டால் நிலம் இருக்கவேணும். மிஸ் சொன்னவ."

கிளார்க்குக்கு ஏது நிலம்? "அப்ப நீ?" என்றேன்.

"நாங்களும் வாடகை வீடுதான்."

ஆக, ஆறு பேரும் குடியானவர்கள். ஆறு சத்தியம்தான் தேறியது. தவுக்கே மகளிடம் போய்க் கேட்கவா முடியும்? பொருளைப் பறிகொடுத்தவளே அவள்தானே!

வெள்ளிக்கிழமை இடைவேளையில் பாகான்காரியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெரிய மிஸ் அறைக்குள் நுழைந்தோம். நான்தான் பேசினேன். எங்கிருந்துதான் அந்த இங்கிலீஷ் வந்ததோ! நாங்கள் இவளுக்காகச் சத்தியம் பண்ண வந்திருக்கிறோம், இது இங்கிலீஷ் சட்டம், எங்களுக்கு உரிமை இருக்கிறது என்றேன்.

பெரிய மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். "இவள் எடுக்கவில்லை என்பதை நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்க்கத் தேவையில்லை மிஸ். இவளை எங்களுக்குத் தெரியும்."

பாகான்காரி முன்னால் வந்து, "நான் எடுக்கவில்லை மிஸ்," என்று சொன்னாள். பாதிக் குரல்தான் வெளியே வந்தது. அப்புறம் நாங்கள் ஒவ்வொருவராக, இவள் வார்த்தை சுத்தமானது என்று சத்தியம் பண்ணினோம். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். இந்துப் பெண் கைக்குட்டையில் சூடம் முடிந்து கொண்டுவந்திருந்தாள், தீப்பெட்டியைத்தான் மறந்துவிட்டாள். ஏற்றாத சூடத்தின் மேல் கையை வைத்து அவளும் சொன்னாள்.

பெரிய மிஸ் எங்களை எண்ணினார். "பன்னிரண்டு பேர் வேண்டும் என்பதுதானே உங்கள் சட்டம்? ஆறு பேர்தான் இருக்கிறீர்கள்."

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

அப்போது வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. தவுக்கே மகள். இரண்டு காதிலும் ஒன்றும் இல்லை. நேராக வந்து பாகான்காரியின் பக்கத்தில் நின்றாள்.

"மிஸ், என் அப்பாவுக்கு நிலம் இருக்கிறது. தோட்டம் இருக்கிறது," என்றாள். "நான் தேன். என்னைச் சேர்த்தால் பன்னிரண்டு."

அந்த ஒரு வார்த்தையை அவள் எங்களைப் போலவே தமிழில்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, இவள் வார்த்தை சுத்தமானது என்று சத்தியமும் பண்ணினாள்.

பெரிய மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இந்தச் சட்டம் செத்துப் பல நூறு வருஷம் ஆகிவிட்டது. உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "எங்களுக்கு யாரும் சொல்லலையே மிஸ்," என்றேன் நான்.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மணி அடித்தது. வகுப்புக்குப் போகச் சொன்னார். யாருக்கும் நகர மனமில்லை. திங்கட்கிழமை என்ன ஆகும் என்று கேட்க எனக்கே வாய் வரவில்லை. தவுக்கே மகள்தான் கேட்டாள்.

பெரிய மிஸ் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். தலை நிமிராமலே, "முதல் ஃபெர்ரியைப் பிடித்து நேரத்துக்கு வரச் சொல்," என்றார்.

மன்னிப்பு? அதெல்லாம் எதிர்பார்க்க முடியுமா! இது கிடைத்ததே பெரிது.

வெளியே வந்ததும் தவுக்கே மகளைப் பிடித்துக்கொண்டேன். ஏன் வந்தாய் என்று கேட்டேன். மலாயும் இங்கிலீஷும் கலந்து அவள் சொன்னது எனக்கு இன்றும் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. "கம்மல் என்னோடது லா. சந்தேகம் அவங்களோடது."

ஞாயிற்றுக்கிழமை பாகான்காரி வீட்டில் அத்தை வந்து உட்கார்ந்திருந்தாளாம். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிறேன் என்று இவள் சொல்ல, அப்பா முறைத்தாராம். எனக்காகப் பன்னெண்டு பேரு சத்தியம் பண்ணாங்க என்றாளாம். "ஏழு பேருன்னுதானே சொன்ன?" என்று கேட்டாராம் அவர். "அதுல ஒருத்தி தேன்பா," என்றாளாம் இவள். அவருக்கு என்ன புரிந்ததோ, "அப்ப போ," என்றாராம். திங்கட்கிழமை முதல் ஃபெர்ரியில் வந்து எங்களுக்கு முன்னால் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். ஜூனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணினாள். டீச்சரும் ஆனாள்.

அந்தக் கம்மல் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

பல வருஷம் கழித்து, எங்கள் இரண்டு பேருக்கும் தலை நரைத்த பிறகு, ஒருநாள் ஃபெர்ரியில் சேர்ந்து வந்தோம். சும்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்.

"உங்கள்ல ஒருத்திகூட என்கிட்ட 'எடுத்தியா'ன்னு கேக்கலடி. அன்னிக்கு ஜெட்டிக்கு நடந்தப்ப நீ கேட்டுடுவியோன்னுதான் பயந்துக்கிட்டே வந்தேன். கேட்டிருந்தா இதே ஃபெர்ரியில இருந்து குதிச்சிருப்பேன்."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "குதிச்சிருப்பாளாம்! நீந்தத் தெரியுமாடி உனக்கு?" என்று கத்தினேன். படகில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சிரித்தாள். நான் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன், ஜெட்டி வந்து எல்லோரும் இறங்கின பிறகும் விடவில்லை.