மாமா பதியாமல் விட்ட வாரங்கள்

ரிமோட்டும் கையுமாக நின்றபடியே நாடகம் பார்த்த ஒரே மனிதர் எங்கள் மாமாதான். அக்காவின் கணவர், சித்தூரில் மாங்கூழ் கம்பெனியில் ஃபோர்மேன். அக்கா மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவில் வரும்போது அவள் பார்க்க வேண்டுமென்று, அவளுக்குப் பிடித்த தமிழ்த் தொடரை ஆண்டுக்கணக்கில் வீடியோ கேசட்டில் பதிந்து வைத்தார். விளம்பரம் வந்தால் நிறுத்துவார், முடிந்ததும் மறுபடி அழுத்துவார். நடுவில் நான் வாய் திறந்தால், "கம்முனு இருடா, டேப்புல உன் கொரலு உழும்" என்பார். அறையில் பேசுவது டேப்பில் பதியாது என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்த மண்டையில் ஏறவில்லை.

மாமா தவறிய பிறகு அக்கா வேலையை விட்டுவிட்டுத் திருப்பதிக்கு, என் வீட்டுக்கே வந்துவிட்டாள். வந்ததும் அந்தத் தொடரைத்தான் கேட்டாள். அந்தச் சேனலே முழுவதையும் இணையத்தில் ஏற்றியிருக்கிறது, உடனே போட்டுத் தருகிறேன் என்றேன். "அது வேணாம். உங்க மாமா டேப்புல புடிச்சதுதான் வேணும்" என்றாள். சினிமாக்களைச் சேர்த்து வைத்து டிவியில் ஓட்டுவதற்கென்றே வீட்டில் ஒரு சர்வர் கணினி வைத்திருப்பவன் வேறென்ன செய்ய முடியும்? அக்கா கொண்டுவந்த கேசட் மூட்டையை அவிழ்த்தேன்.

அந்த வேலையை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. பாதிக் கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை. தேடிப் பிடித்து வாங்கிய பழைய பிளேயர் நாடாவைக் கடித்துத் துப்பியது. ஒரு மணி நேர நாடகத்தைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் காவல் இருக்க வேண்டும். ஏற்றி முடித்தால் சர்வர் சீசன் எத்தனை என்று கேட்கிறது. வருடம் முழுக்க நிற்காமல் அழுத நாடகத்துக்கு ஏது சீசன்? பதில் சொல்லாமல் விட்டால் யாரோ வெள்ளைக்காரத் துப்பறிவாளரின் படத்தை அட்டையாக ஒட்டிவிடுகிறது. இதற்கு மேல் மாமாவின் கைவண்ணம் வேறு. கரண்டு போய் விட்டுப்போன நாள்களை எல்லாம், சில மாதம் கழித்து வந்த தெலுங்கு டப்பிங்கில் பிடித்து வைத்திருந்தார். திங்கட்கிழமை மீனாவாக இருந்த கதாநாயகி செவ்வாய்க்கிழமை சுஜாதாவாகித் தெலுங்கில் அழுதாள். எங்கள் வீட்டில் யாருக்கும் அது உறுத்தியதில்லை. சர்வர்தான் இரண்டும் வேறு வேறு தொடர் என்று அடம் பிடித்தது.

ஓர் இடத்தில் மட்டும் தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. சில வாரங்கள் அப்படியே காணோம். சோம்பேறித்தனம் என்று மாமாவை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே அவற்றை இணையத்திலிருந்து இறக்கினேன். சரிபார்க்கலாமென்று ஓடவிட்டேன். மீனா வேலைக்காகத் துபாய் போகிறாள். அவள் புருஷன் வேறொருத்தியை வீட்டுக்குக் கூட்டி வருகிறான். அந்தப் பெண் வாசலில் வந்து நிற்பதற்கு முந்தைய காட்சியோடு மாமாவின் டேப் நின்றிருந்தது. அவள் கதையை விட்டுப் போனதும் மறுபடி தொடங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அக்கா லீவில் வந்து டேப் பார்த்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து மாமா கதையை நிரப்பினார்: "மீனா புருஷனுக்கு மஞ்சக்காமால. ஆஸ்பத்திரியில கெடந்தான். வேற ஒண்ணும் நடக்கல. நம்மூட்ல கரண்டு இல்ல."

அக்கா மஸ்கட்டில் தனியாக உட்கார்ந்து எதையாவது நினைத்துப் பயப்படக் கூடாதென்று ஒரு நாடகத்தையே வெட்டியிருக்கிறார் மனிதர். இப்போது நான் அதை ஒட்டி வைத்திருக்கிறேன். அக்கா பார்ப்பதற்குள் எடுத்துவிடலாமென்று போனால், அவள் ஏற்கெனவே நாடகத்தில் அந்த இடத்துக்கு வந்திருந்தாள். திரையில் அந்தப் பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இத எதுக்குடா போட்ட? எடுத்துடு" என்றாள் அக்கா. குரலில் அதிர்ச்சி ஏதும் இல்லை. நான் ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன்.

"எனக்கு அப்பவே தெரியும்டா. எங்க ஹாஸ்டல்ல டிஷ் இருந்திச்சி, எல்லாரும் ஒண்ணா பாத்துக்கினுதான் இருந்தோம். அந்த வாரம் பூரா நான் சோறே துன்னல."

"மாமாகிட்ட ஏன்கா சொல்லல?"

"மஞ்சக்காமாலன்னு சொல்லிக்கினே என் மூஞ்சியப் பாத்தாரு. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாதுடா, வேர்த்துப் போச்சி. இதுக்கே வேர்க்கிற மனுசன் என்கிட்ட வேற எத மறைக்கப் போறாரு? அதப் பாத்தப்புறந்தான் எனக்கு ஒழுங்கா சோறு எறங்கிச்சி."

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் எனக்கு எவ்வளவு வேலை மிச்சம். எடுத்துவிட்டேன். சர்வர் அந்த வாரங்களை விடுபட்டவை என்று இன்றைக்கும் சிவப்பில் காட்டுகிறது. காட்டட்டும்.