அம்மாவுக்கு எட்டாத பாத்தி

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் எல்லோரும் ஒரு நாளாவது அம்மாவிடம் பூ வாங்கியிருப்பீர்கள். முழம் குறைகிறதே என்று சண்டையும் போட்டிருப்பீர்கள்.

அம்மா மாகறலில், நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணமாகி காஞ்சிபுரம் வந்தார். அப்பா இறந்த பிறகு கோயில் மதிலோரம் பூக்கட்டி விற்று மகளான என்னை ஆளாக்கினார். ஜன்னல் திரையைக்கூட முழம் போட்டுத்தான் அளப்பார். டேப்பை நம்பமாட்டார்.

இடுப்பு எலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்தபின் அவருக்கு மிஞ்சியது சமையலறையும் பின்பக்கத் தோட்டமும்தான். வாசலில் நான்கு படி. பின்னால் புதிதாக எழும்பிய லாட்ஜ் வெயிலை முழுக்க மறைத்துவிட்டது. நானும் வேலையை விட்டுவிட்டு அவரோடு அடைந்து கிடந்தேன்.

அந்த நிழலுக்கும் அம்மா திட்டம் போட்டார். உட்கார்ந்தபடியே மண்ணைத் தொட உயரமான பாத்தி, சுவர் நெடுக வெற்றிலைக் கொடி, ஓரத்தில் பசலை. அவரைக் கொடி வேண்டாம், அது நிழலில் காய்க்காது என்றார்.

"என் கையாலயே நட்டு, என் கையாலயே கிள்ளணும்மா. எல்லாத்துக்கும் உன்னையே கூப்டுக்கினு இருக்க வெக்கமா இருக்குது."

உயரம் இரண்டு முழம் என்றார். நானும் கொத்தனாரிடம் அப்படியே சொன்னேன். பூக்கட்டும் அம்மாவின் முழம் வேறு, ஆறடி கொத்தனாரின் முழம் வேறு என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் தன் கையால் அளந்து கட்டிவிட்டுப் போனார். மறுநாள் அம்மாவைத் தள்ளிக்கொண்டு போனால் பாத்தி கழுத்துக்கு நின்றது. முழங்கால் சுவரில் இடிக்கக் கையைத் தூக்கினார், விரல் நுனி செங்கல் விளிம்பைத்தான் தொட்டது.

"இன்னாமா, எனக்கு மதில் சொவுரு கட்டிட்டாரு!" என்று முதலில் சிரித்தார். பிறகு, "மூணு வரி கல்லு எடுத்துட்டா போதும். வரச் சொல்லுமா" என்றார்.

கொடியை நான்தான் நட்டேன். அம்மா தினமும் கேட்டார், "கொத்தனாரு வந்தாரா?"

"ஓரிக்கைப் பக்கம் வேலையாம்மா. வருவாரு."

மாதங்கள் போயின. "சரியான ஏமாத்துக்காரன். இனிமே அவன வூட்டுக்குள்ள சேக்காத" என்றார் ஒரு நாள். நான் கொடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். அடுத்த வாரம் காய்ச்சல் கண்டு, நான்காம் நாள் அம்மா போய்விட்டார்.

உண்மையில் நான் கொத்தனாரைக் கூப்பிடவே இல்லை. அம்மா மண்ணில் கை வைத்தால் நகத்தைக் கழுவ வேண்டும், புடவை மாற்ற வேண்டும். இன்னொரு வேலை என்னால் முடியாது என்று நினைத்தேன். கொஞ்சம் கோபமும் இருந்தது. எனக்கு வெளியே போக வழியில்லாதபோது அம்மாவுக்கு மட்டும் என்ன தோட்டம் என்று இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க ஓடிவந்த பக்கத்து வீட்டு அக்காமார்களுக்கும், மருத்துவமனைக்கு ஆட்டோ ஓட்டிவந்த தம்பிக்கும், இறுதிவரை உடனிருந்த சொந்தபந்தங்களுக்கும் என் வணக்கம். பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் கொத்தனார் அண்ணனும் ஒருவர். அண்ணே, நீங்கள் வராமல் ஏமாற்றிவிட்டதாக நினைத்துத்தான் அம்மா கண்ணை மூடினார். அந்தத் திட்டு எனக்குச் சேர வேண்டியது.