கிளி இருந்த அட்டை

பழைய வார இதழ்கள் சேர்ப்பவன் நான். கதைக்காக அல்ல, ஓவியர்கள் கையால் வரைந்த அட்டைப்படங்களுக்காக. துடியலூர் வீட்டுப் பரணில் அவை அடுக்கடுக்காக இருக்கின்றன. கரையான் வந்துவிட்டதோ என்று வாரம் இரண்டு முறை ஏணி ஏறுவேன். பிரஷர் மாத்திரையை மறந்தாலும் அந்துருண்டையை மறக்க மாட்டேன்.

போன மாதம் உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த அக்கா, ஓர் இதழைக் கையில் கொடுத்தாள். அட்டையில் ஒரு பெண் கிளிக்குக் கொய்யாப்பழம் நீட்டிக்கொண்டிருந்தாள். பள்ளி நாட்களில் அதைப் பார்த்துத்தான் அக்கா வரையப் பழகினாள். கல்யாணத்துக்குப் பிறகு பென்சிலைத் தொடவில்லை. இதழ் மட்டும் பீரோவில் சேலைக்கு அடியில் இருந்தது.

"எங்கூட்டுல எலி ஜாஸ்தி கண்ணு. நீயாச்சும் பத்திரமா வெச்சுக்கோ."

அடுத்தடுத்த வாரங்களின் இதழ்கள் பதினொன்று ஏற்கெனவே என்னிடம் இருந்தன. எல்லாமே தையல் விட்டவை. பன்னிரண்டையும் பக்கத்துத் தெரு பைண்டரிடம் கொடுத்து, "நல்லா பைண்டு பண்ணிருங்க" என்றேன். பத்திரப்படுத்துகிறேனாம்!

நான்காம் நாள், சரவணம்பட்டி சிக்னலில் நிற்கும்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் வார இதழை பைண்டு செய்வதென்றால் தொடர்கதையை மட்டும் பிரித்தெடுத்துத் தைப்பது. முதலில் கிழித்துப் போடுவதே அட்டையைத்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம். பச்சை விழுந்தது. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அதை ஓட்டவும் செய்யலாம் என்பது பத்தடி தாண்டித்தான் நினைவுக்கு வந்தது.

"ஏனுங்ணா, இப்படி மூச்சு வாங்குது? உக்காருங்க" என்றார் பைண்டர்.

"அட்டையெல்லாம் எங்கீங்க?"

"கிழிச்சுப்போட்டனுங்க. அழுக்கு அட்டை உங்களுக்கு எதுக்குங்க? கதை ஒரு பக்கங்கூட உடாமத் தெச்சிருக்கேன், பாருங்க."

காலிகோ துணியில் முதுகு, தங்க எழுத்து. இவ்வளவு அழகான நாசத்தை நான் பார்த்ததில்லை.

கிழித்த அட்டைகளை எஞ்சினியரிங் கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளுக்கு உள்தாளாக, படம் போர்டுப் பக்கம் போகும்படி ஒட்டிவிட்டாராம். பதினொன்று கைமாறிவிட்டன. ஒன்று மட்டும் இன்னும் கல்லுக்கு அடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஈரத்துணி போட்டு, மைதாப் பசையை ஊறவைத்து உரித்தார். அக்காவுடையதுதான். பெண் வந்தாள், கொய்யா வந்தது. கிளி வரவில்லை. பச்சைச் சாயம் மொத்தமும் போர்டிலேயே தங்கிவிட்டது.

அங்கிருந்தே போன் போட்டேன். வழக்கம்போல ஒரு ஜோக்கில் ஆரம்பித்தேன்.

"அக்கா, உங்க கிளி எஞ்சினியரிங் சேர்ந்துருச்சு."

"என்னடா உளர்றே?"

சொன்னேன். மறுமுனையில் மிக்ஸி ஓடும் சத்தம் நின்றது.

"அந்தப் பொண்ணை நான் வரைஞ்சு முடிச்சுட்டேன் கண்ணு. கிளிதான் கடைசி வரைக்கும் எனக்கு வரவே இல்லை. எப்பவாச்சும் ஒருநா உக்காந்து பாக்கலாம்னுதான் வெச்சிருந்தேன்."

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது உளறியிருப்பேன். அவள், "சரி உடு. சாப்ட்டியா?" என்றாள்.

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.