கல்குவாரிக்கு வந்த கேப்டன்

பிரபாவதி ராணுவத்தில் நர்ஸிங் அதிகாரியாக இருந்தவர். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில், எல்லையோரக் கூடார மருத்துவமனையில், காயம்பட்டு வந்தவர்களில் யாருக்கு முதலில் சிகிச்சை என்று பிரித்து அனுப்பியது அவர்தான். கேப்டன் பதவிவரை உயர்ந்தார். கல்யாணமானால் வேலையை விட வேண்டும் என்பது அன்றைய விதி. சீதாராமனைக் கட்டிக்கொண்டவர், சீருடையைக் கழற்றிவிட்டு எழுபத்தைந்தில் வளைகுடாவில் இருக்கும் ராஸ் அல் கைமாவுக்கு வந்தார். கணவருக்கு அங்கே ஒரு கல்குவாரியில் இன்ஜினியர் வேலை.

"சும்மா இருக்கறதுக்கு எனக்கு யாரும் டிரெயினிங் கொடுக்கலை" என்று கணவரிடம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பில் கோபமும் இருக்கும்.

அடுத்த வருஷம் ஒரு காலை, குவாரியில் வெடி வைத்தபோது பாறை சரிந்து கீழே நின்றவர்கள்மேல் விழுந்தது. அங்கே டாக்டர் கிடையாது. ஃபோர்மேன் காதர் மைதீன் ஜீப்பை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"சீக்கிரம் வாங்கம்மா! ஆறு பேருக்கு அடி!"

பிரபாவதி போர்வைகளை அள்ளிக்கொண்டு ஏறினார். சைட்டில் இருந்தது ஒரே பிக்கப். அதில் கை ஒடிந்து அலறிக்கொண்டிருந்தவரை ஏற்றியிருந்தார்கள். பாறையோரம் சோலையப்பன் என்பவர் சத்தமே இல்லாமல் கிடந்தார். முகம் வெளிறியிருந்தது. தொடையிலிருந்து ரத்தம் கொட்டியது.

"கத்தறவர் தாங்குவார். இவர்தான் முதல்ல!"

பிரபாவதி பெல்ட்டால் தொடையை இறுக்கிக் கட்டினார். ஓடிவந்த சீதாராமன், "பிரபா, நான் என்ன செய்யணும்?" என்றார்.

"காயத்தை அழுத்திப் பிடிச்சுக்கோங்க. ஆஸ்பத்திரி டாக்டர் சொல்றவரைக்கும் கையை எடுக்கக் கூடாது." பிறகு டிரைவரிடம், "யல்லா பாய், ஜல்தி!" என்று அவசரப்படுத்தினார்.

சோலையப்பனையும் சீதாராமனையும் ஏற்றிக்கொண்டு பிக்கப் பறந்தது. அது திரும்புவதற்குள் மற்றவர்களுக்குக் கட்டுப் போட்டு, வரிசைப்படுத்தி வைத்திருந்தார். ஆறு பேரும் பிழைத்தார்கள். சோலையப்பனின் காலும் தப்பியது.

மறுவாரம் மேனேஜரே வீடு தேடி வந்து, குவாரியில் கிளினிக் நடத்தித் தரும்படி கேட்டார்.

"கட்டுப்போட மட்டும்னா நான் வரலை. ஆட்கள் எல்லாரும் விலகிட்டாங்கன்னு நான் பார்த்து விசில் கொடுத்த பிறகுதான் இனிமே வெடி. சம்மதமா?"

 மேனேஜர் சரி என்றார்.

முதல் நாள் பிரபாவதி சரிவு முழுக்க நடந்து பார்த்தார். நிழலுக்கு ஒதுங்கியிருந்த இருவரைக் கிளப்பி அனுப்பினார். மேட்டில் ஏறி நின்று விசிலை ஊதினார். மலை அதிர்ந்தது, புழுதி எழுந்து அடங்கியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"கலாஸ், கேப்டன்! நல்லபடியா முடிஞ்சுது!" என்று கீழிருந்து காதர் மைதீன் கையை உயர்த்த, குவாரியே கைதட்டியது. விட்டுவந்த பதவியின் பெயரை மறுபடி கேட்டதும் பிரபாவதியின் முதுகு தானாக நிமிர்ந்தது.