எங்கள் ஊருக்குத் தண்ணீர்க் குறையில்லை

சவரிராயனை நம்பவைப்பது லேசான காரியமில்லை. மழை பெய்தால்கூட இதில் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கிற மனிதர்.

எங்கள் டவுன் பஞ்சாயத்தில் பதினெட்டு வருடமாக வால்வு திறந்து தண்ணீர் விடுவது அவர் வேலை. கைக்கடிகாரம் கிடையாது. வால்வைத் திறந்துவிட்டு, பக்கத்திலேயே குந்தி ஜெபமாலை சொல்வார். மேட்டுத் தெருவுக்கு ஒரு மாலை, கடைத்தெருவுக்கு இரண்டு. ஒரு மாலை என்றால் இருபது நிமிடம். ஊரே அந்தக் கணக்கில்தான் தண்ணீர் பிடித்தது.

1974-ல் மெட்ராஸ் அதிகாரி ஒருவர் மொரப்பூரில் ரயிலிறங்கி வந்தார். அடுத்த இருபது வருடத்துக்குக் குடிநீர்த் திட்டமாம். தெருவாரியாக விவரம் கொடுத்தால், அதை அட்டையில் ஓட்டை போட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பார்களாம். எந்த ஊருக்கு எப்போது புதுக் குழாய் என்று அது சொல்லுமாம். படிவம் நிரப்பும் வேலை குமாஸ்தாவான என் தலையில் விழுந்தது.

"மெஷினுக்கு எதுக்குங்க சார் நம்மூருத் தண்ணிக் கதை? அதென்ன குடிக்கவா போவுது?" என்றார் சவரிராயன்.

"திட்டம் போடத்தான்யா."

"எனக்குத் தெரியாதா? தண்ணி பத்தலைன்னு சொன்னா, வால்வு ஆளு சரியில்லைன்னு என் சீட்டைக் கிழிச்சிருவாங்க. அப்புறம் மெஷினே தொறந்து மெஷினே மூடும். நான் எங்க போறது?"

எனக்கு எரிச்சலாக வந்தது. மெஷின் கணக்கெழுதினால் குமாஸ்தா எதற்கு என்ற பயமும் கூடவே வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

கடைசி வீட்டுக்குத் தண்ணீர் எட்ட எவ்வளவு நேரம் என்று படிவம் கேட்டது. எல்லாத் தெருவுக்கும், "அரை மாலைங்க" என்றார். பச்சைப் பொய். மாதா கோயில் தெருவின் கடைசி வீடு அவருடையதே. அங்கே மூன்று மாலை சொன்னாலும் குழாயில் காற்றுதான் வரும். அவர் மனைவி ஞானமேரி தினமும் ஊர்க்கோடிக் கிணற்றுக்கு நடந்தாள். இதெல்லாம் தெரிந்தும், பத்து நிமிடம் என்று எழுதி அனுப்பினேன்.

எட்டு மாதம் கழித்துத் திட்டம் வந்தது. வால்வு ஆள்: ஒருவர், மாற்றமில்லை. புதுக் குழாய்: 1994 வரை தேவையில்லை.

செய்தி பரவியதும், ஞானமேரி வெறுங்குடத்தோடு ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

"எந்தப் பாவி சார் இப்படி எழுதிக் குடுத்தது? அவன் வூடு வெளங்காமப் போவ!"

"சாபம் வுடாத புள்ள" என்றார் அங்கே நின்றிருந்த சவரிராயன்.

"ஏன், அவன் உங்களுக்கு ஒறவா?"

அவர் ஒப்புக்கொண்டார். "நான்தான் சொன்னேன்."

ஞானமேரி கத்தவில்லை. குடத்தை அவர் கையில் திணித்தாள்.

"அப்ப நீங்களே போய்ச் சேந்திக்கிட்டு வாங்க. இருவது வருசத்துக்கும்."

எழுதியவன் நான் என்று நான் வாய் திறக்கவில்லை.